கைவேலைப் பகுதி: பழைய சாக்குகள் குறித்து வாசகர்கள் கேட்டவை

பழைய சணல் சாக்குகளையும் துணிப்பைகளையும் வீட்டு அலங்காரத்துக்குப் பயன்படுத்துவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றுக்கு மட்டும் இங்கே விடை எழுதியுள்ளேன். ஒரே பொருளில் வந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பூர்விக வீட்டின் பின்கட்டில் பழைய சாக்குகள் ஒரு கட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் நெல் வந்ததா, உரம் வந்ததா என்று சொல்வதற்கு இப்போது யாரும் இல்லை. திண்டு உறை, சுவர் அலங்காரம் போன்றவை செய்ய அவற்றைப் பயன்படுத்தலாமா? (காரைக்குடி வாசகி)

பதில்: ஒரு சாக்கில் என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், அது எதைச் சுமந்தது என்பது தெரிந்தாக வேண்டும். நெல், அரிசி, துவரை, மல்லி, நிலக்கடலை, காப்பிக்கொட்டை, ஏலக்காய் ஆகியவை வந்த சாக்குகளை அச்சமின்றி வீட்டுக்குள் கொண்டுவரலாம். மிளகாய் வற்றல் வந்த சாக்கு மட்டும் எத்தனை முறை அலசினாலும் தும்மலை வரவழைத்துக்கொண்டே இருக்குமாதலால், அதைத் தோட்ட வேலைக்கு ஒதுக்கிவிடுவதே நல்லது. உரம், பூச்சிமருந்து, மருந்து தடவிய விதை, சிமெண்ட் ஆகியவை வந்தவற்றைத் துவைத்துப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சணல் இழை தன்மீது பட்டதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. அப்படி ஊறிப்போனது சோப்புத் தண்ணீருக்கு முழுவதுமாக வெளியே வராது.

உங்கள் சாக்குகளை வெயிலில் விரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, அடி மூலைகள் இரண்டையும் பாருங்கள். உள்ளே இருந்ததன் தூள் அங்கேதான் தங்கியிருக்கும். உமியோ தவிட்டுத் தூளோ இருந்தால் தானியச் சாக்கு. உப்புப் பூத்தது போன்ற வெள்ளைப் படிவு இருந்தால் அது உரமாக இருக்கக்கூடும். சிவப்பு அல்லது இளஞ்சிவப்புத் தூள் ஒட்டியிருந்தால் அது விதைச் சாக்கு என்று கொள்ளலாம். மருந்து கலந்த விதையை யாரும் தவறிச் சமைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த நிறத்தைச் சேர்க்கிறார்கள்.

பழைய வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. முன்பெல்லாம் வண்டு விழாமலிருப்பதற்காக, சேமிப்பில் இருந்த மூட்டைகளின் மீது டி.டி.டி., பி.எச்.சி. ஆகிய தூள்களைத் தூவுகிற வழக்கம் பல இடங்களில் இருந்தது. பி.எச்.சி. இந்தியாவில் 1997-இல்தான் தடை செய்யப்பட்டது. இவை எளிதில் சிதையாத மருந்துகளாதலால், அதற்கு முந்தைய காலத்துச் சாக்கு என்று தெரிந்தால், அதில் நெல்லே வந்திருந்தாலும், குழந்தைகள் முகம் வைத்துப் படுக்கும் திண்டுக்கு அதை எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் வீட்டுக் கட்டின் வயது எனக்குத் தெரியாது. பின்கட்டில் ஆள் நினைவுக்கு எட்டாமல் கிடந்தது என்கிறீர்கள். மனத்துக்கு ஐயமாக இருந்தால் அந்தக் கட்டை அப்படியே விட்டுவிட்டு, மளிகை மண்டியில் நாலு சாக்கு விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய பழைய சாக்கு சணல்தானா, பிளாஸ்டிக் கலந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (விருதுநகர் வாசகர்)

பதில்: ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். சணல் என்றால் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பிளாஸ்டிக் என்றால் சுருங்கி, உருகி, மெழுகு வாசனை வீசி, ஆறியபின் கடினமான மணியாக நுனியில் திரளும். நெடுக்கு இழை, குறுக்கு இழை இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள். ஒன்று சணலாகவும் மற்றது பிளாஸ்டிக்காகவும் நெய்த சாக்குகளும் உண்டு.

நெசவையும் கவனியுங்கள். தானியம் கட்டுகிற கனமான சாக்கில் சாய்வான கோடுகள் தெரியும். அதை ட்வில் என்பார்கள். ஹெஸியன் என்று வியாபாரிகள் சொல்கிற மெல்லிய துணியில் இழைகள் ஒன்று விட்டு ஒன்று பின்னிக் கட்டம் கட்டமாக இருக்கும். மிதியடிக்கும் கூடைக்கும் முன்னது, தையல் பூவேலைக்குப் பின்னது. அரசு கொள்முதலில் 50 கிலோ தானியத்துக்குப் பயன்படும் ட்வில் சாக்கு 94 செ.மீ. நீளமும் 57 செ.மீ. அகலமும் 580 கிராம் எடையும் உள்ளது. பிரித்து விரித்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மேலாகத் துணி கிடைக்கும். சணல் பொதிகலன் கட்டாயச் சட்டம் 1987-இல் வந்ததால் உணவு தானியத்துக்கு இன்னும் சணல் சாக்கு புழங்குகிறது; இல்லையென்றால் இந்தப் பகுதியில் எழுத எனக்குப் பொருளே இருந்திருக்காது. ஒரு வார்த்தை: ரேஷன் கடையின் காலிச் சாக்குகளுக்குக் கணக்கு உண்டு. கடைக்காரர் தெரிந்தவராயிற்றே என்று கேட்டு வாங்கி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

கேள்வி: காப்பிக்கொட்டை வந்த சாக்கில் கூடத்துக்குத் திண்டு உறை தைத்தேன். துவைத்துக் காயவைத்த பிறகும் மண்ணெண்ணெய் போன்ற ஒரு வாடை அடிக்கிறது. வந்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்வது? (பொள்ளாச்சி வாசகி)

பதில்: அது காப்பியின் வாடை அன்று, சணலின் வாடையும் அன்று. சணல் நார் இயல்பிலேயே முரடானது. எண்ணெயும் தண்ணீரும் கலந்து தெளித்து ஊறவைத்து மெதுவாக்காமல் அதை எந்திரத்தில் நூற்க முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரம் சணல் தொழிலில் தலையெடுத்ததற்கு ஒரு காரணமே, அங்கே திமிங்கில வேட்டையால் கிடைத்த எண்ணெய் இந்த வேலைக்குப் பொருந்தி வந்ததுதான். 1855-இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் இந்தியாவின் முதல் சணல் ஆலை தொடங்கப்பட்டது. பின்னர் திமிங்கில எண்ணெயின் இடத்தைப் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய் பிடித்துக்கொண்டது. உங்கள் மூக்குக்குத் தட்டுப்படுவது அந்த எண்ணெய். உணவுப் பொருளுக்கென்று தவிட்டெண்ணெய் போன்ற தாவர எண்ணெயில் பதப்படுத்திய சாக்குகளும் வருகின்றன. காப்பி, கொக்கோ முதலிய ஏற்றுமதிச் சரக்குகளுக்கு அவைதான் வேண்டும். ஆனால் உள்ளூரில் கைமாறும் பழைய சாக்கு எந்த வகை என்பதை மூக்கைத் தவிர வேறெதுவும் சொல்லாது.

எண்ணெய் என்று தெரிந்துவிட்டால் வழியும் தெரிந்துவிடும். வெறும் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் பயனில்லை. உறையைக் கழற்றி, அகலமான தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரும் பூந்திக்கொட்டைக் கரைசலோ காரம் குறைந்த சோப்புத் தூளோ கலந்து, ஒரு மணி நேரம் ஊறவைத்து, கையால் அமுக்கி அமுக்கி எடுங்கள். தண்ணீர் பழுப்பாகி மேலே எண்ணெய்ப் படலம் மிதப்பதைப் பார்க்கலாம். அதைக் கொட்டிவிட்டு, தண்ணீர் தெளியும்வரை மீண்டும் செய்ய வேண்டும். கல்லில் அடித்துத் துவைப்பதும், முறுக்கிப் பிழிவதும் கூடாது. பருத்தி நனைந்தால் வலுக்கூடும்; சணலோ நனைந்தால் வலுக்குறையும். அந்த நிலையில் இழுத்தால் இழைகள் இடம்பெயர்ந்து துணி கோணிவிடும். சலவை எந்திரத்திலும் போட வேண்டாம். உதிரும் நார் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். பழுது பார்க்க வருகிறவர் கேட்கும் கூலிக்குப் புதுத் திண்டே வாங்கிவிடலாம்.

பிறகு, காற்றோட்டமான இடத்தில் சமதளமாக விரித்து உலர்த்துங்கள். உலர்ந்தபின்னும் வாடை மிச்சமிருந்தால் சில நாள் காற்றில் தொங்கவிட்டாலே பெரும்பாலும் போய்விடும். வாசனைத் தைலம் தெளித்து மறைக்கப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வாடை பிறக்கும். இன்னொன்று: சணல் துணி முதல் நனைப்பில் நன்றாகச் சுருங்கும். நீங்கள் தைத்த பிறகு துவைத்திருக்கிறீர்கள். இப்போது உறை திண்டுக்குள் ஏற மறுக்கலாம். அடுத்த முறை முதலில் துவைத்து, பிறகு அளந்து, அதன் பிறகு வெட்டுங்கள்.

கேள்வி: சாக்கைப் பிளீச்சிங் பவுடரில் போட்டு வெள்ளையாக்கலாமா? (சேலம் வாசகி)

பதில்: வேண்டாம். சணலில் மரத்தில் உள்ளது போன்ற லிக்னின் என்ற பொருள் சேர்ந்திருக்கிறது. குளோரின் அதைத் தாக்கும்போது நாரே நைந்துபோகும். ஆலைகள் ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுக்கின்றன. அப்படி வெளுத்ததும்கூட வெயில் பட்டுப் பட்டு மறுபடி மஞ்சளாகத்தான் போகும். வெள்ளைதான் வேண்டுமென்றால் காடாத் துணி வாங்கிக்கொள்ளலாமே. நிறம் ஏற்ற விரும்பினால் கருமையின் பக்கம் போவது எளிது: கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தி, பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் புளிக்கவைத்து எடுத்த கரைசலைத் தடவினால், கலம்காரித் துணியில் காண்கிற அதே கருமை வரும். மஞ்சள்தூள் சாயம் வெயிலுக்கு நிற்காது.

கேள்வி: நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். சாக்கை வெட்டியவுடன் ஓரமெல்லாம் பிசிறு பிரிந்துவிடுகிறது. எந்திரத்தில் ஊசி உடைகிறது. கோணி ஊசியால்தான் தைக்க வேண்டுமா? (திருநெல்வேலி வாசகி)

பதில்: கோணி ஊசி மூட்டையின் வாய் தைப்பதற்கும், கூடைக்குப் பிடி வைப்பதற்கும் ஏற்றது, உறை தைக்க உங்கள் எந்திரமே போதும். ஜாக்கெட்டுக்குப் போடுகிற ஊசியைக் கழற்றிவிட்டு 16-ஆம் எண், துணி இரட்டையாக வருகிற இடத்தில் 18-ஆம் எண் ஊசியைப் போடுங்கள். தையலின் நீளத்தை 4 மில்லிமீட்டருக்குக் கூட்டுங்கள். வேலை முடிந்ததும் பாபின் பெட்டியைத் திறந்து தூரிகையால் தூசு தட்டாமல் விட்டால், அடுத்து நீங்கள் தைக்கும் பட்டு ஜாக்கெட்டில் சணல் நார் வந்து சேரும்.

பிசிறுக்கு மருந்து, வெட்டுவதற்கு முன்பே இருக்கிறது. எங்கே வெட்ட வேண்டுமோ அங்கே குறுக்கிழை ஒன்றை ஊசி நுனியால் நெம்பி எடுத்து மெல்ல உருவுங்கள். பாதியில் அறுந்தால், அறுந்த இடத்திலிருந்து மறுபடி பிடித்து உருவ வேண்டும். அது வந்த தடத்தில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெல்லிய சந்து விழும். சாக்பீஸும் ஸ்கேலும் தராத நேர்க்கோடு அது. ஏனென்றால் பழைய சாக்கின் நெசவு கோணியிருந்தாலும் அந்தச் சந்து நெசவோடே போகும். அந்தச் சந்தின் இருபுறமும் எந்திரத்தில் இரண்டு ஓட்டம் தைத்துவிட்டு, நடுவே கத்தரியுங்கள். அக்கம்பக்கத்துத் தையற்கடையில் ஓவர்லாக் போட்டுக்கொடுப்பவர் இருந்தால் இன்னும் நல்லது. சணல் என்றால் அவர் முணுமுணுப்பார், தூசு அவர் எந்திரத்துக்கும் ஆகாது.

சாக்கின் பக்கத் தையல்களைக் கத்தரியால் அரிந்து பிரிக்காதீர்கள். மூட்டையின் வாயை எந்திரத்தால் தைத்திருந்தால் அது சங்கிலித் தையல்; சரியான முனையில் ஒரு கண்ணியை அவிழ்த்து இழுத்தால் முழுவதும் ஒரே இழுப்பில் வந்துவிடும். வரவில்லையென்றால் நீங்கள் பிடித்தது தவறான முனை. உருவி எடுத்த நூலைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள், குஞ்சம் கட்ட ஆகும்.

கேள்வி: என் அம்மம்மா கோதுமை மா வந்த வெள்ளைத் துணிப் பைகளைச் சேர்த்துத் தலையணை உறையும் மேசை விரிப்பும் தைத்திருந்தார். சிலவற்றில் ஆலையின் பெயர் நீல மையில் இன்னும் தெரிகிறது. அதை நீக்க வழியுண்டா? (யாழ்ப்பாண வாசகி)

பதில்: நீக்குவதற்கு முன்னால் ஒரு செய்தியைக் கேளுங்கள். முதல் உலகப் போரில் ஜெர்மனி பெல்ஜியத்தைக் கைப்பற்றியிருந்தபோது, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹெர்பர்ட் ஹூவர் 1914-இல் அமைத்த நிவாரணக் குழு அந்நாட்டு மக்களுக்கு மாவு அனுப்பியது. மாவு வந்தது பருத்திப் பைகளில். வெடிமருந்துக்குப் பருத்தி தேவைப்பட்ட காலம் அது. காலிப் பை எதிரியின் கைக்குப் போய்விடக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்தார்கள். அந்தப் பைகள் பெல்ஜியத்துத் தையற்பள்ளிகளுக்கும், லேஸ் பின்னுகிற பெண்களுக்கும் வந்து சேர்ந்தன. அவர்கள் பலரும் அச்சிட்டிருந்த ஆலைப் பெயரை அழிக்கவில்லை. அந்த எழுத்துகளின் மீதே பட்டு நூலை ஓட்டி, சுற்றிலும் பூவும் கொடியும் பின்னி, நன்றியாகத் திருப்பி அனுப்பினார்கள். அவற்றின் பெரிய தொகுப்பொன்று அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் வெஸ்ட் பிராஞ்ச் என்ற ஊரில் உள்ள ஹூவர் நூலக அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உங்கள் அம்மம்மாவின் பையிலும் அந்த நீல எழுத்துதான் அது எங்கிருந்து வந்தது என்பதற்கு மிஞ்சியிருக்கும் சான்று. எழுத்தின் கரையை மட்டும் அதே நிற நூலால் காம்புத் தையல் போட்டு எடுத்துக்காட்டி, சட்டமிட்டுச் சுவரில் மாட்டுங்கள். நீக்கத்தான் வேண்டுமென்றால், அமெரிக்கக் கிராமங்களில் மாவுப் பையில் உடை தைத்த பெண்கள் செய்தபடி, எழுத்தின் மீது கொழுப்போ மண்ணெண்ணெயோ தடவி ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் சோப்பிட்டுத் தேய்த்துப் பார்க்கலாம். ஆனால் அது புதிய பைக்கு ஏற்றது; பல ஆண்டு பழகி மெலிந்த துணியைத் தேய்த்தால் எழுத்தோடு துணியும் போகும்.

கேள்வி: அடுக்ககத்தில் சிறிய கூடம். சாக்கில் திரைச்சீலை, சோபா உறை, விளக்குக்கூடு என்று படங்களில் பார்க்கிறேன். எதைச் செய்தால் நன்றாக இருக்கும்? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: உடம்பு உரசுகிற இடத்துக்குச் சாக்கு ஆகாது என்பதை முதல் அளவுகோலாக வையுங்கள். சோபா உறை தைத்தால் கோடைக்காலத்தில் வெறுங்கையோடு சாய்கிற எவரும் சொறிந்துகொண்டே எழுந்திருப்பார்கள். வீட்டில் இளைப்பு உள்ளவர் இருந்தால் தூசு தங்குகிற சணல் திரைச்சீலையும் வேண்டாம். விளக்குக்கூடு பார்க்க அழகுதான். ஆனால் சணல் சட்டென்று தீப்பிடிக்கும், குண்டு பல்பின் சூட்டுக்கருகே அது இருக்கக் கூடாது. எல்.இ.டி. விளக்காக இருந்தாலும் துணி பல்பைத் தொடாதபடி சட்டம் அமைக்க வேண்டும். மீதமிருப்பவையே சாக்கின் சொந்த இடங்கள்: சுவர், தரை, செடித்தொட்டியின் உறை, அலமாரிக் கூடை, முதுகுக்குப் பின்னால் போகாமல் ஓரத்தில் நிற்கிற ஒரே ஒரு திண்டு.

அந்த ஒரு திண்டில் நீங்கள் வாசலில் போடுகிற கோலத்தையே தைக்கலாம். ஹெஸியன் துணியின் கட்டநெசவு புள்ளி வைக்கப் பிறந்தது என்றே தோன்றும். 40 செ.மீ. சதுரத் திண்டுக்கு 7 புள்ளி 7 வரிசை, புள்ளிக்குப் புள்ளி 5 செ.மீ. என்று வைத்தால், நான்கு பக்கமும் 5 செ.மீ. கரை மிஞ்சும். சாக்பீஸ் சணலில் நிற்காது. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு நூலால் சிறு முடிச்சிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அளவை ஸ்கேலால் எடுக்காமல் இழையை எண்ணி எடுப்பது நல்லது. ஆனால் நெடுக்கு இழையும் குறுக்கு இழையும் ஓர் அங்குலத்துக்கு ஒரே எண்ணிக்கையில் இருப்பதில்லை. இரண்டு பக்கமும் தனித்தனியே எண்ணிக்கொள்ளாவிட்டால் சதுரக் கோலம் நீள்சதுரமாக முடியும். வெள்ளைப் பருத்தி நூலை ஆறிழையாகவே கோத்து, சிக்குக் கோலத்தின் கம்பியைச் சங்கிலித் தையலில் வளைத்துக்கொண்டு போனால், சாக்கின் பழுப்புக்கு மேல் அது அரிசி மாவு போலவே எழும்பி நிற்கும். பின்பக்கத்துக்கும் உள்ளுறைக்கும் பருத்தித் துணி போடுங்கள். இதன் மேல் லேஸ், மணி, ஜரிகை என்று எதையும் சேர்க்காதீர்கள். சாக்கைச் சாக்காகத் தெரியவிட மனமில்லாதவர்கள் வேறு துணி எடுப்பதே மேல்.

கேள்வி: ஐப்பசி மழை தொடங்கினால் சணல் பொருள்கள் பூஞ்சை பிடிக்கின்றன. ராமபாணப் பூச்சியும் வருகிறது. (சென்னை வாசகர்)

பதில்: சணல் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே எல்லாவற்றையும் ஒரு முறை வெயிலில் உலர்த்திவிடுங்கள். சுவரில் மாட்டியதன் பின்னால் நான்கு மூலையிலும் சிறு மரக்கட்டை ஒட்டி, சுவருக்கும் துணிக்கும் இடையே விரற்கடை இடம் விடுங்கள். வெளிச்சுவர் ஓதம் காக்கிற வீடாக இருந்தால் உட்சுவருக்கு மாற்றுங்கள். பூஞ்சை கண்டால் ஈரத்துணியால் துடைக்காமல், வெளியே கொண்டுபோய் உலர்த்தி, காய்ந்த தூரிகையால் தட்டுங்கள். கஞ்சி போட்டு விறைப்பாக்குவதை விட்டுவிடுங்கள். ராமபாணப் பூச்சி வருவது பெரும்பாலும் அந்தக் கஞ்சிக்காகத்தான். கரையான் உள்ள தரையில் சணல் மிதியடியை நிலையாகப் போட்டுவைக்கவே கூடாது.

கேள்வி: நவராத்திரிக் கொலுவுக்குப் பக்கத்தில் பூங்கா அமைக்கப் பழைய சாக்கு உதவுமா? (கும்பகோணம் வாசகி)

பதில்: மிகவும் உதவும், மண் கொட்டும் வேலையே குறையும். தட்டின் மேல் பாலிதீன் தாள் விரித்து, அதன்மேல் துவைத்த சணல் சாக்கை இரண்டு மடிப்பாகப் போட்டு நன்றாக நனையுங்கள். ஓர் இரவு ஊறிய வெந்தயத்தையும் கேழ்வரகையும், ஊறவைக்காத கடுகையும் அதன்மேல் நெருக்கமாகத் தூவி, இன்னொரு ஈரத்துணியால் மூடிவையுங்கள். முளை விட்டதும் மேல்துணியை எடுத்துவிடலாம். வேர் சாக்கின் கண்களுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். மலைச்சரிவுகளில் மண் அரிக்காமலிருக்கச் சணல் வலையைப் போர்த்திப் புல் வளர்ப்பதும் இதே முறையில்தான். பச்சை எழும்ப நான்கைந்து நாளாகும் என்பதால் அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பே விதைத்துவிடுங்கள். காலையும் மாலையும் தண்ணீரை ஊற்றாமல் தெளித்தால் போதும். மேடு பள்ளம் வேண்டிய இடத்தில் சாக்கின் அடியில் கவிழ்த்த கிண்ணங்களை வைக்கலாம். நனையாத ஓரங்களை விளக்குக்குப் பக்கத்தில் விடாதீர்கள். குத்துவிளக்கிலிருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும். விஜயதசமிக்குப் பிறகு கீரையை அறுத்துக்கொண்டு, வேரோடு கூடிய சாக்கைத் துண்டு துண்டாக வெட்டிச் செடித்தொட்டிகளின் அடியில் போட்டுவிடுங்கள், அது மக்கி உரமாகிவிடும்.